விரலை எடுத்தால் அணையும் டோர்ச்

மன்னார் ரவுணில் நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரை, கிணற்றில் விழுந்த போன், பிள்ளை கடித்த சார்ஜர் வயர் எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு பெண் ஸ்குரூட்ரைவரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் இல்லையோ?" என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். "அவர் கடலுக்குப் போயிட்டார், நான் பாத்தாப் போதாதோ?" என்பேன். அதில் பாதி உண்மை. என் கணவர் கடலுக்குத்தான் போகிறார். கடைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போன மாரியில், துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழைய கடையின் கூரையைப் பிரித்தபோது சீலிங் பலகைக்கு மேலே கிடந்ததாம். சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே கறுப்புக் கடதாசி ஒட்டி, தோல் மாதிரித் தெரிவதற்காகப் புள்ளி புள்ளியாய் அழுத்தியிருந்தார்கள். முன்பக்கத்தில் புடைத்த கண்ணாடி ஒன்று. அதற்குக் கீழே பித்தளைப் பொத்தான்.

"டோர்ச் தங்கச்சி. எங்கட வாப்பாட வாப்பா சட்டைப் பையில வைச்சிருந்தவராம். எரிய வைச்சுத் தாங்கோ. ஆனா ஒண்டையும் மாத்தப்படாது. பழைய மாதிரி மஞ்சள் வெளிச்சம்தான் வேணும். இந்த வெள்ளை எல்ஈடி எனக்கு வேண்டாம்."

அன்று பின்னேரம் வேறு வேலை எதையும் தொடாமல் அதைத்தான் கழற்றிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே பல்பைத் தவிர வெற்றிடம். மூன்று சிறிய பற்றரிகளை வரிசையாய் மட்டைக்குள் வைத்து, தார் ஊற்றி மூடிய தட்டைப் பற்றரி ஒன்று அந்தக் காலத்தில் அதற்குள் இருந்திருக்கிறது. தார்க் கறை இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பற்றரிக்கு இரண்டு பித்தளை நாக்குகள் இருந்திருக்க வேண்டும். ஒரு நாக்கு பல்பின் அடியைத் தொடும். மற்ற நாக்கு பெட்டிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகட்டுக்குக் கிட்ட நிற்கும், ஆனால் தொடாது. பொத்தானை அழுத்தினால் தகடு வளைந்து நாக்கைத் தொடும், பல்பு எரியும். விரலை எடுத்தால் தகடு நிமிர்ந்துவிடும், அணைந்துவிடும். வயர் என்று ஒரு துண்டுகூட இல்லை. பெட்டியின் தகரமே வயர். மூலைகளை உருட்டி விட்டிருந்தார்கள், சட்டைப் பை கிழியக்கூடாது என்று. செய்த மனுசனை எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு விசயத்தில் மட்டும் எரிச்சல் வந்தது. எரிந்தபடி விட வழியே இல்லை. தள்ளிவிடுகிற சுவிட்ச், திருகுகிற சுவிட்ச் என்று ஏதாவது இருக்கும் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கிடையாது. பையின் மூலையைப் பற்றி யோசித்தவனுக்கு இது தோன்றவில்லையா என்று வாய்விட்டே ஏசினேன். பிறகு, கடையில் கிடந்த பழைய ரிமோட் பற்றரிகள் மூன்றைச் சேர்த்துக் கட்டி, பித்தளைத் தகட்டை வெட்டி நாக்கு வைத்து, பரீட்சைக்கு எரித்துப் பார்த்தபோது விளங்கியது. பொத்தானை அழுத்தியபடி வைத்திருந்தால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாய் வாடிச் சிவந்தது. விட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வந்து அழுத்தினால் மறுபடியும் பளிச்சென்று எரிந்தது. அந்தக் காலத்துப் பற்றரிகள் எல்லாமே இப்படித்தான் இருந்திருக்கும். கொஞ்சம் ஓடினால் மூச்சு வாங்கும், உட்கார்ந்து ஆறவேண்டும். அதனால்தான் எரிந்தபடி நிற்க அவன் இடம் வைக்கவில்லை. படியைப் பார், விடு. மணிக்கூட்டைப் பார், விடு. சாவித் துவாரத்தைத் தேடு, விடு. விடிய விடிய வெளிச்சம் வேண்டுமென்றால் லாம்பைக் கொளுத்து என்கிறது பெட்டி. நியாயந்தான் என்று அவனை மன்னித்துவிட்டேன். அந்த மன்னிப்பைச் சீக்கிரமே திரும்பப் பெற வேண்டியிருந்தது.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவள். பிறந்தது வெள்ளாங்குளம். வயலுக்கு விடுகிற தண்ணீரும் குளத்துத் தண்ணீரும்தான் எனக்குத் தெரிந்த தண்ணீர். கலியாணம் கட்டி மன்னார்த் தீவுக்கு வந்த நாளிலிருந்து கடலின் சத்தம் கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். கணவர் போகும்போது சிரித்துக்கொண்டு நிற்பேன். சோற்றுப் பெட்டியை நீட்டுகிற கை மட்டும் நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அவருடைய அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, இது பெரிய பகிடி. மச்சாளின் புருஷனும் என் கணவரும் ஒரே படகில் தொழில் செய்கிறவர்கள். ஆனாலும் மச்சாள் ஒருநாளும் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. மீன் காயப்போடுவார், ஊர்க்கதை கதைப்பார், "எங்கட போன் டொக்டருக்கு முகம் வெளிறிப்போச்சு, ஆராவது சோடா குடுங்கோ" என்று சிரிப்பார்.

வாடைக்காற்று தொடங்கினால் தீவின் வடக்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் தெற்குக் கரைக்குப் போய், ஓலைக் கொட்டில்களால் வாடி அமைத்து, அங்கே தங்கித் தொழில் செய்வார்கள். அந்தக் கரைக்கு முன்னால் கல்லும் மணல் திட்டும் கிடக்கின்றன. படகு நுழைய நடுவில் ஒரேயொரு வழிதான் உண்டு. அதை வாய் என்பார்கள். வாய்க்கு நேரே கரையில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு பல்பு. இருட்டியபின் வருகிற படகு அந்தப் பல்பைப் பார்த்துத்தான் உள்ளே வரும். வெளிச்சம் ஒரே சீராக நின்று எரிந்தால், வா, வழி நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். அணைந்து அணைந்து எரிந்தால், வாயில் அலை உடைகிறது, வராதே, வெளியிலேயே நில் என்று அர்த்தம். இதை எனக்கும் யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். காதில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

டோர்ச்சைத் திருத்தி முடித்த அடுத்த நாள் விடியக் கடல் சாதுவாகத்தான் கிடந்தது. தாழமுக்கம், புயல் வரலாம் என்று ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் முதல் நாள் விரித்த வலை கடலில் இருந்தது. "வலையை எடுத்திட்டு உடன வாறம்" என்று சொல்லிவிட்டு என் கணவரும் மச்சாளின் புருஷனும் போனார்கள். மத்தியானம் காற்று சுழன்று தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. பனை ஒன்று விழுந்து கரண்ட் போனது. நான் அவருக்கு அழைப்பு எடுத்து எடுத்தே என் போனின் பற்றரியைத் தின்று முடித்தேன். ஊருக்கெல்லாம் போன் திருத்துகிறவளின் போன் செத்துக் கிடந்தது.

டோர்ச்சை எடுக்க வருவதாகச் சொன்ன நானா வரவில்லை. கடைக் கூரை ஒழுகத் தொடங்கியதால் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, ஓட்டோ பிடித்து வாடிக்குப் புறப்பட்டேன். மணல் பாதையில் வெள்ளம் நின்றது. ஓட்டோக்காரர் பாதி வழியில் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல போனா ஓட்டோவுக்கும் துடுப்பு வேணும் அக்கா" என்றார். மிச்சத் தூரம் முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.

வாடியில் ஒருவரும் இல்லை. படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு எல்லோரும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். எங்கள் படகு தெற்கே சிலாவத்துறைப் பக்கம் கரை ஒதுங்கியிருக்கும் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டு வந்தேன். கம்பத்தடியில் மச்சாள் மட்டும் மழையில் நனைந்தபடி நின்றார். காலடியில் அவர் கொளுத்திப் பார்த்த பெற்றோமாக்ஸ் லாம்பு, மென்டில் என்கிற வலைத்திரி உதிர்ந்து, கண்ணாடி வெடித்துக் கிடந்தது.

"சிலாவத்துறைக்குப் போயிருப்பினம் மச்சாள். வாங்கோ, நாங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போவம்" என்றேன்.

"என்ர மனுசன் போகமாட்டார் பிள்ளை. அந்தாளுக்கு இரவைக்கு வீட்டுச் சோறு வேணும். எப்பிடியும் இஞ்சதான் வருவார்."

பகிடி மாதிரி இருந்தாலும் அவர் சிரிக்கவில்லை. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. மச்சாள் பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவருக்கே பயம் என்றால் உண்மையிலேயே ஏதோ நடக்கப்போகிறது என்று அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மழையோடு பொழுதும் கருகியது. கடலும் வானமும் ஒரே நிறமாகி, அலையின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அப்போதுதான் அந்தச் சின்ன வெளிச்சத்தைக் கண்டோம். என் கணவர் நெற்றியில் கட்டிக்கொள்கிற லைட். அலைக்குப் பின்னால் மறைந்து மறைந்து, கரைக்குச் சமாந்தரமாக ஒரு பக்கம் போனது, நின்றது, மறுபக்கம் போனது. வாயைத் தேடுகிறார்கள். கரண்ட் இல்லாமல் அணைந்து கிடக்கிற கம்பத்துப் பல்பைத் தேடுகிறார்கள். தவறான இடத்தில் நுழைந்தால் படகு கல்லில் ஏறிப் பிளந்துவிடும்.

"ஏதாவது வெளிச்சம் காட்டு! உன்ர கடையில எத்தினை லைட் வைச்சிருக்கிறாய்!" என்று மச்சாள் கத்தினார்.

கைப்பையைக் கிளறினேன். விரலில் தட்டுப்பட்டது நானாவின் பெட்டி.

கம்பத்தடியில் நின்று, கண்ணாடியைக் கடலுக்குத் திருப்பி, பெருவிரலால் பொத்தானை அழுத்தினேன். எரிந்தது. அந்தப் பெரிய இருட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அலைக்குள் அலைந்த வெளிச்சம் நின்றது. எங்கள் பக்கம் திரும்பியது. மச்சாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கண்டிட்டாங்கள்! அப்பிடியே பிடி!"

அப்படியே பிடிக்க முடிந்தால்தானே. விரல் குளிரில் மரத்திருந்தது. அதோடு பயம். தோளிலிருந்து நகம் வரைக்கும் என் கை உதறியது. அந்த மெல்லிய தகடு நாக்கைத் தொட்டது, விட்டது, தொட்டது, விட்டது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின. வெளிச்சம் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"அணைய விடாதை!" மச்சாளின் குரல் கிழிந்தது. "என்னடி செய்யிறாய்? வராதே எண்டெல்லே சொல்லுறாய்!"

யாரோ சொல்லித் தந்து நான் காதில் மட்டும் போட்டுக்கொண்டது அப்போதுதான் மண்டைக்குள் போனது. நிமிர்ந்து பார்த்தேன். கடலில் அந்தச் சின்ன வெளிச்சம் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் ஏறி இறங்கியது. பிறகு மெல்லத் திரும்பி, வெளிக்கடலை நோக்கிப் போகத் தொடங்கியது.

என் வாழ்க்கையில் அப்படியொரு பயத்தை நான் அறிந்ததில்லை. வெளியே போனால் அந்தக் காற்றில் படகு தாங்காது என்று எனக்கே தெரியும். வா என்று கெஞ்சுகிறவள் நான். என் கை அவரைப் போ என்று அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த டோர்ச்சைச் செய்தவன் முன்னால் நின்றிருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். எரிந்தபடி நிற்க ஒரு சுவிட்ச், ஒரு சின்னச் சுவிட்ச் வைத்தால் குறைந்தா போயிருப்பாய் என்று கடலைப் பார்த்துக் கத்தியது நினைவிருக்கிறது.

மச்சாள் பெட்டியை என் கையிலிருந்து பறித்தார். கம்பத்தில் சுற்றிக் கிடந்த தங்கூசியைப் பல்லால் கடித்து அறுத்தார். வலை முடிகிற அந்த நைலோன் நூலைப் பொத்தானுக்கு மேலால் இழுத்துப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். வெளிச்சம் நின்றது. நடுங்காமல், சிமிட்டாமல் நின்று எரிந்தது. பெட்டியைக் கம்பத்தோடு அணைத்துப் பிடித்தார். அவர் கை எவ்வளவு நடுங்கினாலும் இனி வெளிச்சம் அணையாது.

ஆனால் உள்ளே இருந்தவை ரிமோட்டில் தேய்ந்த பற்றரிகள். இது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். பளிச்சென்று இருந்த மஞ்சள் வெளிச்சம் மங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிச்சை அவிழ்த்து ஆறவிட்டால் பற்றரிக்கு மறுபடி உயிர் வரும். ஆனால் அணைத்தால், வராதே என்று சொன்னதாகிவிடும். அணைக்காமல் விட்டால் செத்துவிடும். மஞ்சள் செம்மஞ்சளானது. பல்புக்குள் இருந்த இழை மட்டும் சிவப்பாய், அடுப்பில் கிடக்கிற கடைசித் தணல் மாதிரித் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கடலிலும் வெளிச்சம் இல்லை. எந்த நேரத்தில் அது மறைந்தது என்று நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. மச்சாள் மாதாவைக் கூப்பிட்டார், தம்பியின் பெயரைக் கூப்பிட்டார், புருஷனைக் கூப்பிட்டார். காற்று அந்தச் சத்தத்தை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். இனி வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கிறபோது உள்ளே எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் சத்தத்தை முதலில் கேட்டது மச்சாள்தான். நான் நம்பவில்லை. அலைச் சத்தம் என்றேன். அவர் தண்ணீருக்குள் இறங்கி ஓடினார். பிறகு இருட்டிலிருந்து படகின் முன்பக்கம் அப்படியே எழும்பி வந்து, மணலில் மோதிச் சரிந்தது. இரண்டு உருவங்கள் குதித்தன. ஒரு ஆள் இருமிக்கொண்டே கெட்ட வார்த்தை பேசினார். மச்சாளின் புருஷன். என் கணவர் நெற்றி லைட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதற்குள் தண்ணீர் போய் அணைந்திருந்தது.

ஓலைக் கொட்டிலுக்குள் ஒதுங்கியதும் மச்சாளின் புருஷன் பொரிந்து தள்ளினார். "எஞ்சின் பிடிச்சவன் நான். வராதே எண்டு காட்டினதும் திருப்பிட்டன். பிறகு நிண்டு எரியுது. பிறகு ஒரேயடியா அணையுது. எவன்தான் உள்ள வருவான்? இவன் என்ர கையைத் தட்டிவிட்டிட்டுப் படகைக் கரைக்குத் திருப்புறான்! நாங்கள் தப்பினது மாதாவின்ர புண்ணியம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வராதே எண்டு காட்டுறவை தடியில ஓலைக் கடகத்தைக் கொழுவி லைட்டுக்கு முன்னால பிடிச்சு ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி முடிப்பினம். பிறகு கடகத்தை எடுத்துப்போட்டு ஒண்டு சொல்லுவினம். அதுதான் கணக்கு. நானும் படகில இருந்து சொல்லிப் பாத்தன். முதல் வரி முடிய முன்னமே நாலு தரம் அணைஞ்சு எரியுது. ஒண்டும் பொருந்தேல்ல. வராதே எண்டு சொல்ல நிக்கிறவையின்ர கை அப்பிடி நடுங்காது. பிறகு ஆரெண்டு விளங்கிச்சு. உடன படகைத் திருப்பினன். நிண்டு எரிஞ்ச நேரத்தில கரையை நேர் பிடிச்சன், அணைஞ்ச பிறகும் அதே நேரில வந்தன்."

"ஆரெண்டு விளங்கிச்சு?" என்று மச்சாளின் புருஷன் கேட்டார்.

"வேற ஆர்? இவள்தான்."

மந்திரக் கணக்கு எனக்குத் தெரியாது. கலியாணத்துக்காகக் கத்தோலிக்கத்துக்கு மாறிச் செபங்களைப் பாடமாக்கினவள் நான். அதை லைட்டோடு சொல்வார்கள் என்று யாரும் சொன்னதில்லை. மச்சாளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவருக்கும் அது மறந்துபோய்விட்டது. கடகம் என்ற சொல்லைக் கேட்டதும் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "உங்களுக்கு விசரோ? வேற ஆராவது நிண்டிருந்தா? வராதே எண்டு காட்டத்தான் வந்து, குளிரில அவையின்ர கை நடுங்கியிருந்தா? அதைப் பாத்து என்ர கை எண்டு நம்பிக் கல்லில ஏறியிருப்பீங்கள்! ஒரு நடுக்கத்தை நம்பி ஆராவது படகைத் திருப்புவினமோ?"

அவர் உடுத்திருந்த சாரத்தின் நுனியைப் பிழிந்தார்.

"அந்த இருட்டில வேற என்னத்தை நம்புறது?" என்றார்.

அவர் இப்போதும் கடலுக்குப் போகிறார், நான் இப்போதும் கரையில் நின்று நடுங்குகிறேன். முன்பெல்லாம் இந்த நடுக்கம் நின்றால் போதும் என்று மன்றாடுவேன். இப்போது மன்றாடப் பயமாக இருக்கிறது. எனக்கு எல்லாம் பழகி, ஒருநாள் இருட்டில் என் கை நடுங்காமல் போனால், அது நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?